டீக்கறை பட்ட ஆர்ட்டின் ஏழு

சீட்டுக்கட்டு வாங்கப் போனால் முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. சென்னையில் செல்போன் கடை ஒன்றில் வேலை பார்த்தவர், அறையில் உடன் தங்கியிருந்தவர்களிடம் போக்கர் ஆட்டத்தையும் நாலைந்து சீட்டு வித்தைகளையும் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்திருந்தார். பெண்பிள்ளைக்குச் சொல்லித்தருகிற பாடமா இது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் எனக்கு இந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை.

போன வாரம் என் மகன் செல்போனில் சீட்டுக்கட்டு தேடிக்கொண்டிருந்தான். கறுப்புக் கட்டு, தங்கநிறக் கட்டு, தண்ணீரில் போட்டாலும் நனையாத கட்டு என்று வந்துகொண்டே இருந்தது. "வித்தைக்கா, ஆட்டத்துக்கா?" என்று கேட்டேன். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பதுபோல அவன் முழித்தான். அவனுக்குச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். என்னைப் போலவே அவனுக்கும் ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது, பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டான். மீதியை இங்கே சொல்லித் தீர்க்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அருப்புக்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருடங்கள் அவை. தறி ஓடுகிற சத்தத்தில் நாங்கள் கத்தித்தான் பேசுவோம். கரண்டு போய் தெரு அமைதியான பிறகும் பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டிருப்போம். பெரியவர்கள் எல்லாரும் கரண்டுக்காரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். நான் மட்டும், ஆத்தா, இன்றைக்கும் மத்தியானம் கரண்டு போகவேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். வெளியே தெரிந்திருந்தால் தோலை உரித்திருப்பார்கள்.

கரண்டு போனால்தான் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே இடத்தில் உட்காருவார்கள். அதுதான் காரணம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் தம்பிக்குக் காது குத்தினோம். அச்சாகி வந்த பத்திரிகையில் பெரியப்பாவின் பெயரைக் காணோம். தாய்மாமன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் கண்ணால் பார்த்திராத சித்திமார், அத்தைமார் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். அப்பாவின் கூடப்பிறந்த ஒரே அண்ணன் மட்டும் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்றார் அப்பா. எழுதிக் கொடுத்திருந்தால் எப்படி விடுவான் என்றார் பெரியப்பா. திரும்ப அடிக்க நாள் இல்லாததால், அப்பா உட்கார்ந்து ஒவ்வொரு பத்திரிகையிலும் பேனாவால் அண்ணன் பெயரை எழுதிச் சேர்த்தார். அதுதான் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது. "பேனாவுல சேக்குற ஆளா ஆயிட்டேனா நானு?" என்று கேட்ட பெரியப்பா, விசேஷத்துக்கே வரவில்லை.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு, வெளியில் தமிழ். அப்பாவும் பெரியப்பாவும் தங்களுக்குள் தெலுங்கில் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தமிழில் பேசியும்தான்.

ஆனால் சீட்டு மட்டும் நின்றுபோகவில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே ஓர் அண்ணாச்சி நூல் கிட்டங்கி வைத்திருந்தார். உயரமான கூரை, கனத்த சுவர், நூல் மூட்டைகள். மே மாத வெயிலிலும் உள்ளே குளுமையாக இருக்கும். கரண்டு போனதும் அப்பா எங்கள் வாசலிலிருந்து இறங்குவார். அடுத்த வாசலிலிருந்து பெரியப்பா இறங்குவார். தெருவை இரண்டு பேரும் தனித்தனியாகக் கடந்து, உள்ளே போய் எதிரும் புதிருமாக உட்காருவார்கள். நடுவில் அண்ணாச்சி. ஏழு சீட்டு ரம்மி. கிட்டங்கியில் ஒரு குண்டு பல்பு எந்நேரமும் போட்டபடியே இருக்கும். அது எரிந்தால் கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியே மூன்று பேரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துபோய்விடுவார்கள், கையில் எப்பேர்ப்பட்ட சீட்டு இருந்தாலும் சரி.

அங்கேயும் பேச்சு கிடையாது. அண்ணாச்சி வழியாகத்தான் எல்லாம்.

"அவுகளைப் போடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பார் அப்பா.

"போட்டாச்சு, அவனைக் கண்ணைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க" என்பார் பெரியப்பா.

அண்ணாச்சி இரண்டையும் சொல்லமாட்டார். வெற்றிலையை மென்றுகொண்டு தன் சீட்டைப் பார்ப்பார்.

நான் நூல் மூட்டைகள் மேல் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பேன். சும்மா உட்காரச் சொல்லி மூன்று பேரும் என்னைத் திட்டுவார்கள். அதில் மட்டும் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே குரல். ரம்மியில் ஒருவர் கழித்துப் போடும் சீட்டை அடுத்திருப்பவர்தான் எடுக்கலாம். பெரியப்பா போடுவதை அப்பா எடுப்பார். அவர்கள் உட்காரும் வரிசை அப்படி, அது ஒரு நாளும் மாறாது. பெரியப்பா தன் சீட்டைப் பார்ப்பதைவிட எதிரே அப்பா விசிறியாகப் பிடித்திருக்கும் சீட்டுகளின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "இந்தச் சனியன் எனக்கு எதுக்கு" என்று ஒன்றை எடுத்து வீசுவார். அது அப்பாவுக்குத் தேவைப்பட்ட சீட்டாக இருக்கும். அப்பா எடுத்துச் செருகிக்கொள்வார். பத்து ஆட்டத்தில் ஏழில் அப்பாதான் ஜெயிப்பார். பெரியப்பாவுக்கு ரம்மி ஆடவே தெரியாது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பாவம் என்றுகூட நினைத்தேன்.

அந்த மே மாதம்தான் பெரியப்பாவின் மகளுக்கு, எங்கள் அக்காவுக்கு, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். மணவறையில் பக்கத்தில் நீதான் நிற்கவேண்டும் என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஆனால் அதற்கு முன்னால் பத்திரிகை அடிக்க வேண்டும். அதில் சித்தப்பா என்று அப்பாவின் பெயர் இருக்குமா? பதிலுக்குப் பதிலாகப் பெரியப்பா விட்டுவிட்டால் அப்பா அந்தப் பந்தல் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். நாங்களும் போகமுடியாது. "இன்னைக்கு எதாச்சும் பேசுனாகளா?" என்று அம்மா தினமும் என்னிடம் கேட்பாள். "பெரியப்பா சனியன்னு சொன்னாக" என்பேன். "யாரை?" என்று பதறுவாள். "சீட்டை" என்பேன்.

இந்த நேரத்தில்தான் மாமா பத்து நாள் லீவில் வந்து சேர்ந்தார். வந்த அன்றே கிட்டங்கிக்கு வந்து பழைய கட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, விருந்துக்கு வந்தவர் என்பதையும் மறந்து சிரித்தார். அது என்னைவிட மூத்த கட்டு. அட்டைக் கட்டுதான், வாங்கும்போது என்ன நிறமோ, இப்போது எண்ணெய்ப் பிசுக்கில் பழுப்பேறிக் கிடந்தது. ஆர்ட்டின் ஏழின் முதுகில் டீக்கறை. கிளாவர் ராஜாவுக்கு ஒரு மூலை இல்லை. ஸ்பேட் ராணி நடுவில் மடங்கியிருந்தாள். டைமன் ஆஸின் முதுகில் சாயம் பட்ட கட்டைவிரல் ரேகை நீலமாகப் பதிந்திருந்தது. பீடி சுட்ட ஓட்டையோடு ஒரு ஜாக்கி.

"இத வச்சு ஆடுறதுக்கு ஆடாமலே இருக்கலாம் மச்சான். புதுசு வாங்குவோம், போக்கர் சொல்லித்தாறேன்" என்றார் மாமா.

"பழசே இருக்கட்டும். கை பழகிருச்சு" என்றார் பெரியப்பா.

"ஆமா, இது போதும்" என்றார் அப்பா.

என்னைத் திட்டுவது போக, இரண்டு வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அதைக்கூட கவனிக்காமல் மாமா என்னைத் தன் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு பஜாருக்குக் கிளம்பினார். நானும் குதித்து ஏறிக்கொண்டேன்.

கடைக்காரர் முதலில் மாமாவையும் பிறகு என்னையும் பார்த்தார். நான்தான் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்குப்பா சீட்டு? பல்லாங்குழி இருக்கு, குடுக்கவா?"

"அவதான் பாத்து எடுக்கணும், விடுங்க" என்றார் மாமா.

என் தலை அன்று கடையின் சீலிங் ஃபேனில் போய் இடித்திருக்க வேண்டும். மாமா சொல்லச் சொல்ல நான் சோதித்தேன். ஒரு கட்டின் முதுகில் சூரியன் மறைகிற படம். "தலைகீழா வச்சா இந்தச் சூரியன் என்ன ஆகும்?" என்றார் மாமா. மேலே போய்விடும். அப்படியென்றால் ஒரு சீட்டைத் திருப்பிச் செருகினால் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வித்தைக்கு நல்லது, ஆட்டத்துக்கு ஆகாது. யானை போட்ட கட்டும் அப்படித்தான், வேண்டாம். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும், ஐம்பத்திரண்டுக்கும் ஒரு முதுகு இருக்கவேண்டும். பிறகு வளைத்து விட்டால் நிமிர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது. அட்டைக் கட்டு கையில் பழகும், விசிறியாக விரியும், வித்தைக்காரன் அதைத்தான் எடுப்பான். ஆனால் வியர்வை பட்டால் ஊதிவிடும். ஆட்டத்துக்குப் பிளாஸ்டிக்தான். டீயைக் கொட்டினாலும் துடைத்துவிட்டு ஆடலாம், அதில் எந்தத் தடயமும் நிற்காது.

கடைசியில் நான் எடுத்தது நீலப் பிளாஸ்டிக் கட்டு. அப்பா நூலை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்து அது எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லுவார். அந்த விரல்தான் எனக்கும் என்று வருகிற வழியெல்லாம் மாமாவிடம் பீற்றிக்கொண்டேன். பழைய கட்டை மாமா எனக்கே கொடுத்துவிட்டார்.

"இது வித்தைக்குன்னே பிறந்த கட்டு" என்றார். "ஒவ்வொன்னுக்கும் முதுகுல ஒரு அடையாளம் இருக்கு. அத்தனையும் மனப்பாடம் பண்ணிக்க. எவன் எந்தச் சீட்டை எடுத்தாலும் நீ சொல்லிறலாம்."

"அவங்களுக்கும் தெரிஞ்சிருமே மாமா?"

"ஆடுறவன் முகத்தைத்தான் பாப்பான். முதுகை எவனும் பாக்கமாட்டான். இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது."

நான் மாரியம்மன் மேல் ஆணையாக யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்.

போக்கர் மாமா இருந்த பத்து நாளுக்குமேல் தாங்கவில்லை. பணம் வைத்து ஆட அண்ணாச்சி ஒத்துக்கொள்ளாததால், நூல் தீர்ந்த வெற்றுத் தார்க்குச்சிகளைப் பந்தயமாக வைத்தோம். கையில் ஒன்றும் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று மாமா விளக்கினார். அண்ணாச்சிக்கு அது வரவில்லை. நல்ல சீட்டு வந்தால் வெற்றிலை வாய் காதுவரைக்கும் விரிந்துவிடும், மற்றவர்கள் உடனே கவிழ்த்துவிடுவார்கள். பெரியப்பாவோ எந்தச் சீட்டு வந்தாலும் ஒரே முகத்தோடு உட்கார்ந்து அத்தனை தார்க்குச்சியையும் அள்ளிக்கொண்டார். ஆடத் தெரியாதவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கிறது என்று நினைத்தேன். மாமா லீவு முடிந்து சென்னைக்குப் போனதும் பழையது என்னிடம் இருந்ததால் புதுக் கட்டிலேயே ரம்மியை ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து எல்லாம் கெட்டுப்போனது.

முதல் நாள் அப்பா ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பெரியப்பா வழக்கம்போல அப்பாவின் கையிலிருக்கும் சீட்டுகளின் முதுகைப் பார்த்தார். ஏழும் ஒரே நீலம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். எதையோ போட்டார். அது அப்பாவுக்கு ஆகவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் பெரியப்பா தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்தார், அதுவும் மூன்றே சுற்றில் இறக்கி. என்னால் நம்பவே முடியவில்லை. அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது. நான் மூட்டைக்கு மூட்டை தாவிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைத் திட்டக்கூட இல்லை.

நாலாவது நாள் அப்பா சீட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னார்:

"போட மனசு வேணும்ல அண்ணாச்சி. மனசு இருந்தாத்தானே கையில வரும்."

பெரியப்பாவும் அண்ணாச்சியைத்தான் பார்த்தார். "கையில என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான அண்ணாச்சி போடமுடியும்? அவனைச் சொல்லச் சொல்லுங்க, போடுறேன்."

"இத்தன நாளு சொல்லித்தான் போட்டாகளாக்கும்?"

"இத்தன நாளு தெரிஞ்சுச்சு."

எனக்கு எரிச்சலாக வந்தது. கையிலிருக்கும் சீட்டை எதிராளியிடம் யாராவது சொல்வார்களா? ரம்மியின் முதல் விதியே தெரியாமல் இரண்டு கிழட்டு ஆட்கள் சண்டை போடுகிறார்களே என்று நினைத்தேன். அண்ணாச்சி, "ஏலே, விடுங்கப்பா, வெயில் நேரத்துல" என்றார். அதற்குள் பெரியப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

"விட்டுப்போறது என்ன எனக்குப் புதுசா? அன்னைக்குப் பேரு விட்டுப்போச்சு, இன்னைக்குச் சீட்டு."

அப்பா எழுந்துவிட்டார். பல்பு எரியவில்லை. கரண்டு வருவதற்கு முன்னால் அந்தக் கிட்டங்கியிலிருந்து ஒருவர் எழுந்துபோனதை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் கால் பட்டு நீலச் சீட்டுகள் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு மூட்டைகளுக்கு அடியில் போயின. நான் குனிந்து பொறுக்கினேன். பெரியப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆட்டம் இல்லை. கரண்டு போனால் அப்பா நின்றுபோன தறிக்குப் பக்கத்திலேயே அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பெரியப்பா டீக்கடைக்குப் போய்விடுவார். அக்கா எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. பத்திரிகைக்கு எழுதிவிட்டார்களாம், அச்சுக்கு மட்டும் இன்னும் கொடுக்கவில்லையாம் என்று அம்மா யாரிடமோ கேட்டுக்கொண்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எந்த நேரத்துல அந்தக் கட்டை வாங்கிட்டு வந்தீங்களோ" என்றாள். கட்டை எடுத்தது நான். என் விரல்தான் அதைத் தேர்ந்தெடுத்தது. ராசியில்லாத கட்டை வாங்கிவந்துவிட்டேன் என்று நினைத்தேன். இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். நடந்துகொண்டே பழைய கட்டின் முதுகுகளை மனப்பாடம் செய்தேன். இடதுபக்கம் கீறல் ஸ்பேட் ஒன்பது, மெழுகுச் சொட்டு டைமன் நாலு, நகம் கிழித்தது கிளாவர் ரெண்டு. வாய்ப்பாடுகூட அப்படிப் படித்ததில்லை.

ஐம்பத்திரண்டும் மனப்பாடமான அன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய யோசனை ஒன்றுமில்லை. மூன்று பேரையும் கூப்பிட்டு வித்தை காட்டுவது, அவர்கள் அசந்துபோவது, அசந்துபோனவர்கள் எப்படிச் சண்டைபோட முடியும்? அவ்வளவுதான் என் கணக்கு. முதலில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். "நாளைக்குக் கரண்டு போனதும் கிட்டங்கிக்கு வாங்க பெரியப்பா, வித்தை காட்டுறேன்" என்றேன். "வேற யாரு வர்றா?" என்றார். "அண்ணாச்சி" என்றேன். பொய் இல்லை. அப்பாவிடமும் அதையே சொன்னேன். அவரும் அதே கேள்வியைக் கேட்டார், நானும் அதே பதிலைச் சொன்னேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டைத் தாண்டியும் கரண்டு போகவில்லை. அப்படி ஒரு அநியாயத்தை நான் பார்த்ததில்லை. ஒரு மணி. ஒன்றரை. தெரு முழுக்கத் தறிகள் வேண்டுமென்றே சந்தோஷமாக ஓடுவதுபோல இருந்தது. நான் வாசலில் நின்று, உட்கார்ந்து, மறுபடி நின்று, அம்மாவிடம் ஓர் அடியும் வாங்கினேன். இரண்டு மணி வாக்கில் எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. நான் தெருவைத் தாண்டி ஓடினேன்.

அப்பா உள்ளே வந்தபோது பெரியப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அப்பா வாசலில் நின்றார். திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்கு உயிரே போனது. "வாப்பா, புள்ள கூப்புட்டா வந்து பாத்துட்டுப் போறதுதானே" என்றார் அண்ணாச்சி. அப்பா வந்து தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

கட்டை விரித்தேன். "ஒன்னு எடுங்க பெரியப்பா. எனக்குக் காட்டாதீங்க. நல்லா பாத்து மனசுல வச்சுக்கங்க."

பெரியப்பா நிதானமாக ஒன்றை உருவினார். முகத்தைப் பார்த்தார். மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதன் முதுகு என் பக்கம் இருந்தது. அதில் கறை, டீக்கறை. நான் மாமா சொல்லிக்கொடுத்தபடி கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, விரலைச் சுண்டி, "ஆர்ட்டின் ஏழு!" என்றேன்.

பெரியப்பா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடேங்கப்பா!" என்றார். கண் இரண்டும் விரிந்திருந்தன. போக்கரில் ஒரு தடவைகூட அசையாத அந்த முகம் இப்படி ஆச்சரியப்பட்டதைப் பார்த்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்தது அப்பா. மூலை இல்லாத சீட்டு. "கிளாவர் ராஜா!"

"எப்படித்தா?" என்றார் அப்பா. "எப்படித்தா சொன்னே? பாத்துட்டியா?"

"நான் எங்க பாத்தேன், கண்ணை மூடிட்டுல்ல இருந்தேன்!"

அண்ணாச்சி எடுத்த டைமன் ஆஸையும் சொன்னேன். அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்தார், துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். சந்தோஷம் தாங்காமல் சிரிக்கிறார் என்று நான் நினைத்தேன். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அசந்துபோனார்கள். சீட்டு ஒன்று ஒன்றாக வரவர, பெரியப்பாவும் அப்பாவும் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒருவர் எடுத்த சீட்டை இன்னொருவர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்புறம் பெரியப்பா, அண்ணாச்சியைப் பார்க்காமல், நேராக அப்பாவைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார், இவள் எப்படிடா கண்டுபிடிக்கிறாள் என்று. இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"தெரியலையே அண்ணா" என்று அப்பாவும் தெலுங்கிலேயே சொன்னார்.

பெரியப்பா என் கையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டார். இன்னும் நாலு வித்தை பாக்கி இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கலைத்தார். ஆளுக்கு ஏழு போட்டார். அப்பா தன் சீட்டுகளை விசிறியாக விரித்துப் பிடித்தார், முதுகெல்லாம் பெரியப்பா பக்கம் நன்றாகத் தெரியும்படி. பெரியப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டீக்கறை பட்ட ஆர்ட்டின் ஏழை எடுத்துக் கீழே வைத்தார். வீசவில்லை, சனியன் என்று திட்டவில்லை.

"எத்துகோ" என்றார். எடுத்துக்கோ என்று சொல்வதற்கு எங்கள் வீட்டு வார்த்தை அது.

அப்போது தலைக்கு மேலே பல்பு எரிந்தது. தெருக்கோடியில் ஒரு தறி ஓட ஆரம்பித்தது, அடுத்தது இன்னொன்று. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று, "கரண்டு வந்திருச்சு!" என்று கத்தினேன்.

"தெரியுது. பேசாம உக்காரு" என்றார்கள், இரண்டு பேரும்.

ஆட்டம் முடிந்ததும் பெரியப்பா சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிகிற அளவுக்கு நைந்திருந்தது. எத்தனை நாள் பைக்குள்ளேயே கிடந்ததோ. அக்காவின் கல்யாணப் பத்திரிகைக்கு எழுதியது. அதை அப்பாவிடம் நீட்டி, பேரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார், பார்த்துவிட்டு நீயே கொண்டுபோய் அச்சுக்குக் கொடு என்றார். அப்பா அதை வாங்கி வெகுநேரம் படித்தார். அவ்வளவு நேரம் படிக்க அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் வித்தையைப் பாதியில் மறந்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம்.

அன்று சாயங்காலம் அம்மாவின் போனில் மாமாவைக் கூப்பிட்டு, மூன்று பேரையும் ஏமாற்றிவிட்டேன் என்றேன். ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லை மாமா, நீங்கள் சொன்னது சரி, முதுகை எவனும் பார்ப்பதில்லை என்றேன். ஆவணியில் அக்கா பக்கத்தில் நின்றபோது மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகளிடமும் இதையே பெருமையடித்தேன். அந்த ஆர்ட்டின் ஏழில் டீயைக் கொட்டியதே அப்பாதான், அதைத் தன் வேட்டி நுனியால் துடைத்தது பெரியப்பா என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் அண்ணாச்சி சொன்னபோது எனக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. அந்தக் கட்டில் அவர்களுக்கு முதுகு தெரியாத சீட்டு ஒன்றுகூட இருந்திருக்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அந்தக் கிட்டங்கியில் ஏமாந்தவள் நான் ஒருத்திதான்.